அன்சார் பார்த்த ஆறாவது விசா

அன்சாருக்கு வயது ஐம்பத்தாறு. அதில் எட்டு வருஷத்தைத் தஞ்சாவூர் கோர்ட்டு வராந்தாவிலேயே தொலைத்துவிட்டார். ஆற்று மணல் கொள்ளையை எழுதினார். வயலுக்குள் உப்புத் தண்ணீரை ஏற்றிய இறால் பண்ணைகளைப் படம் பிடித்தார். ரேஷன் அரிசி எந்த மில்லுக்குப் போகிறது என்று லாரிக்குப் பின்னாலேயே போய்ப் பார்த்து எழுதினார். அதற்கெல்லாம் ஒருத்தனும் கேஸ் போடவில்லை. போட்டது ஏஜெண்ட் துரைராசு ஒருத்தன்தான். ஒருத்தன் போதாதா? மனுஷனின் பாதி ஆயுளை வாய்தா தின்றுவிட்டது.

விஷயம் இதுதான். தொண்ணூற்று நாலாம் வருஷம் துரைராசு முப்பத்தொரு பேரை டிரைவர் வேலை என்று சொல்லி அரபு நாட்டுக்கு ஏற்றிவிட்டான். போன இடத்தில் பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டு பாலைவனத்தில் ஆடு மேய்க்க விட்டார்கள். இரண்டு பேர் அங்கேயே மண்ணாகிப் போனார்கள். தப்பித்து வந்தவர்களை அன்சார் ஊர் ஊராகத் தேடிப் போனார். வாயைத் திறக்கவே பயந்தவர்களைப் பக்கத்தில் உட்கார்ந்து பேசவைத்தார். சென்னையின் வாரப் பத்திரிகை ஒன்றில் அது பதினாலு வாரம் தொடராக வந்தது. அப்புறம் அது புத்தகமானது. புத்தகம் டாக்குமெண்டரிப் படமானது. டெல்லியில் கூப்பிட்டுப் பரிசு கொடுத்துச் சால்வை போர்த்தினார்கள். அந்தச் சால்வையோடு கூத்தாநல்லூருக்கு வந்து இறங்கினால், வீட்டில் சம்மன் காத்திருந்தது. மானநஷ்ட வழக்கு.

எழுதியது அத்தனையும் உண்மை என்று நிரூபிக்க வேண்டும். இல்லையென்றால் ஜெயில். அதுவும் வேண்டாமென்றால் மன்னிப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் புத்தகத்தையும் படத்தையும் வாபஸ் வாங்க வேண்டும். ஜெயிலுக்கு அவர் பயப்படவில்லை. சர்க்கரை வியாதியும் முழங்கால் வலியும் எந்தக் கட்டிலில் படுத்தாலும் கூடவே வந்து படுக்கப் போகின்றன. மன்னிப்பு எழுதினால் அந்த இரண்டு பேர் அப்படிச் சாகவே இல்லை என்று ஆகிவிடும். அதைத்தான் அவரால் தாங்க முடியாது. அவர் எழுதியதிலேயே தனக்கு மிச்சம் என்று நினைத்துக்கொண்டிருந்தது அந்த ஒரு புத்தகம்தான். தொடரை வெளியிட்ட பத்திரிகையே இழுத்து மூடப்பட்டுவிட்டது. படத்துக்குக் கேமரா தூக்கிய மூஸாவும் சிங்கப்பூருக்குப் போய்க் கம்பெனி வேலையில் உட்கார்ந்துவிட்டான்.

சாட்சிப் பட்டியலில் ஆறு பேர் இருந்தார்கள். அவர்கள் கதையைக் கேட்டால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது.

புத்தகம் வந்த நாளிலிருந்து அந்த வட்டாரத்தில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. வெளிநாட்டுக்குப் போகிறவன் யாராக இருந்தாலும், விசாத் தாளை அன்சாரிடம் காட்டாமல் பெட்டி கட்டமாட்டான். வெள்ளிக்கிழமை ஜும்மாத் தொழுகை முடிந்ததும் அவர் வீட்டு வாசலில் நாலு பேராவது தாளும் கையுமாக நிற்பார்கள். திருக்காட்டுப்பள்ளியிலிருந்தும் பூம்புகாரிலிருந்தும்கூட வருவார்கள். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முத்திரையைப் பார்ப்பார், நம்பரைப் பார்ப்பார், அங்கே தெரிந்தவர்களுக்குப் போன் போட்டு விசாரிப்பார். "நல்ல விசாதான், போய்ட்டு வா" என்று அவர் வாயால் வந்தால் போதும். பெண்டாட்டி நகையைக் கழற்றிக் கொடுத்துவிடுவாள். "பாய் பாத்துட்டாரா?" என்பதுதான் ஊரில் முதல் கேள்வி.

அவருடைய சாட்சிகளும் அப்படித்தான் வந்தார்கள். ஒருத்தன் மலேசியாவுக்கு, இரண்டு பேர் கத்தாருக்கு, ஒருத்தன் துபாய்க்கு, ஒருத்தன் புரூணைக்கு. எல்லாமே சுத்தமான விசா. அவரே பார்த்து, அவரே விசாரித்து, அவரே வாழ்த்தி அனுப்பினார். மூன்றாவது ஆள் போனபிறகுதான், எல்லா விசாவும் கைமாறிக் கைமாறித் துரைராசுவிடமிருந்து வருகிறது என்று அவருக்கு உறைத்தது. பயல் முப்பத்தொரு பேரை ஏமாற்றியவன், சாட்சிகளுக்கு மட்டும் அப்பழுக்கில்லாத வேலை பார்த்துக் கொடுத்தான்! உறைத்த பிறகும் என்ன செய்ய? நல்ல தாளைக் கெட்ட தாள் என்று சொல்ல முடியுமா?

"ஏங்க, எதிராளி ஒங்க சாட்சிய கலைக்கணும்னு ஒரு பாடும் படவேணாம். நீங்களே எல்லாரையும் பிளேன் ஏத்தி விட்டுட்டுத்தானே வர்றீங்க" என்று அவர் மனைவி ஜஸீலா சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நாலாவது ஆள் போனதோடு அவளும் சிரிப்பதை நிறுத்திவிட்டாள்.

மிஞ்சியது ரெங்கசாமி ஒருத்தர். படத்தில் கேமராவைப் பார்த்து, செத்த கூட்டாளியின் வாயில் தண்ணீர் விட்டதைச் சொல்லி ஓவென்று அழுவாரே, அவர்தான். இப்போது திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் மூன்று ஏக்கர் குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்கிறார். திங்கட்கிழமை கோர்ட்டில் அவரைச் சாட்சிக் கூண்டில் ஏற்ற வேண்டும். இனி ஒரு வாய்தா கிடையாது என்று நடுவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சனிக்கிழமை காலையில் அன்சார் பஸ் ஏறினார். மன்னார்குடியில் ஒரு பஸ், தஞ்சாவூரில் ஒரு பஸ், பூதலூர் வழியாகக் குலுங்கிக் குலுங்கிப் போய் இறங்கியபோது இடுப்பு கழன்றுவிட்டது போலிருந்தது. போதும்டா சாமி, இந்த ஒரு தடவை முடிந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டு நடந்தார்.

மாசி மாசம். சம்பா அறுவடை முடிந்து, கொள்முதல் நிலையத்து வாசலில் ஆளுக்கொரு குவியலாக நெல் கிடந்தது. ரெங்கசாமி குவியல் நாலாவது நாளாக அங்கேயே கிடக்கிறது. ஈரம் அதிகம் என்று எடுக்க மறுத்துவிட்டார்களாம். அவரும், மனைவி அமிர்தமும், மகன் செந்தில்குமாரும் காலால் நெல்லைத் துழாவிக் காயவைத்துக்கொண்டிருந்தார்கள்.

"வாங்க பாய்! நானே ஒங்களப் பாக்க வரணும்னு இருந்தேன். இந்த நெல்லப் போட்டுட்டு நவுர முடியல" என்றார் ரெங்கசாமி. வைக்கோலைப் பரப்பி, அதன்மேல் துண்டை விரித்து உட்காரவைத்தார்.

"திங்கக்கிழமை ஞாபகம் இருக்குல்ல ரெங்கசாமி? பத்து மணிக்குக் கோர்ட்டுல இருக்கணும்."

ரெங்கசாமி தன் மனைவியைப் பார்த்தார். அமிர்தம் போய், சைக்கிள் ஹேண்டில்பாரில் தொங்கிய மஞ்சள் பையிலிருந்து ஒரு கவரை எடுத்து வந்தாள். அன்சாருக்குக் கவரைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"பயலுக்கு சிங்கப்பூர் வந்துருக்குங்க" என்றார் ரெங்கசாமி. "கப்பல் பட்டறையில வெல்டிங். டெஸ்டெல்லாம் பாஸ் பண்ணிட்டான். நாளைக்கு ராத்திரி திருச்சியில பிளேன். திங்கக்கிழமைக்குள்ள போயிச் சேரலன்னா செல்லாதாம்."

"யாரு ஏற்பாடு?"

"ஒங்களுக்குத் தெரியாதுங்களா? துரைராசுதான்."

"கோர்ட்டுக்குப் போகக்கூடாதுன்னு சொன்னானா?"

"ஒண்ணுமே சொல்லலைங்க. அதான் எனக்குச் சங்கடமா இருக்கு. சொல்லியிருந்தா மூஞ்சியில விட்டெறிஞ்சிருப்பேன். கேஸப் பத்திப் பேச்சே எடுக்கல. ஆனா பாய், என் மவன் அவன் கையால பொழைக்கப் போறான். அடுத்த நாளே நான் கூண்டுல ஏறி அவன் மேல சொன்னேன்னா, நான் மனுஷனாங்க?"

அன்சார் கோபப்படப் பார்த்தார். வந்தால்தானே? எட்டு வருஷத்தில் கோபமும் தேய்ந்துபோயிருந்தது. "செத்துப்போன ரெண்டு பேரு?" என்று மட்டும் கேட்டார்.

"அவங்களுக்கு அழுதாச்சு பாய்" என்று அமிர்தம் குறுக்கே வந்தாள். "ஒங்க படத்துல ஊர் ஒலகமே பாக்க அழுதாச்சு. அதுல எங்களுக்கு என்னா வந்துச்சு? இந்தப் பயல எந்த ஏஜெண்டும் கிட்ட சேக்கல. 'படத்துல வந்த குடும்பமா, வேண்டாம்மா, நாளைக்கு எங்களையும் படம் எடுப்பாங்க'ன்னு அஞ்சு வருஷமாத் தொரத்துறானுவ. கடைசியில கதவத் தொறந்தது அந்தத் துரைராசுதான். கூத்தப் பாத்தீங்களா?"

"சும்மா இரு அமிர்தம்" என்று அடக்கினார் ரெங்கசாமி. அப்புறம் கவரை அன்சார் மடியில் வைத்தார். "அவன் குடுத்தத நான் நம்பல பாய். ஒருவாட்டி மண்ணத் தின்னவன் நான். நீங்க பாத்துச் சொல்லுங்க. சரியான தாளுன்னா பய போவட்டும், என்னை நீங்க மன்னிச்சுருங்க. இல்ல, டுபாக்கூருன்னு சொன்னீங்கன்னா, திங்கக்கிழமை ஒம்போது மணிக்கே கோர்ட்டு வாசல்ல நிப்பேன். ஒங்க வார்த்தைதான்."

இதைவிட ஒரு மனுஷனைச் சோதிக்க முடியுமா, சொல்லுங்கள்!

அன்சார் தாளை எடுத்துக்கொண்டு வாய்க்கால் மதகுப் பக்கம் ஒதுங்கினார். கண்ணாடியைத் துடைத்தார். கம்பெனி பெயர், நம்பர், முத்திரை எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. சிங்கப்பூருக்கு, மூஸாவுக்குப் போன் போட்டார். அரை மணி நேரத்தில் மூஸா திருப்பிக் கூப்பிட்டான்.

"அண்ணே, அசல் தாளுண்ணே. கம்பெனியில ஃபிரெண்டு ஒருத்தன் இருக்கான், அவங்கிட்டயே கேட்டேன். நாலு பேரு வர்றாங்க, அதுல செந்தில்குமார்னு ஒரு பேரு இருக்குன்னான். நல்ல கம்பெனி. எந்த ஊருப் புள்ளண்ணே?"

"தெரிஞ்ச புள்ளதான்" என்று சொல்லிப் போனை வைத்தார்.

மதகுக் கட்டையில் உட்கார்ந்தார். வாய்க்காலில் கணுக்கால் அளவுக்குத்தான் தண்ணீர். அவருக்குள் ஒரு பெரிய யோசனையும் ஓடவில்லை, அதுதான் உண்மை. களைப்பாக இருந்தது. அவ்வளவுதான். அஞ்சு தடவை உண்மையைச் சொல்லி அஞ்சு சாட்சியைத் தொலைத்தாகிவிட்டது. இதையும் சொன்னால், கோர்ட்டில் போய் வெறுங்கையை நீட்ட வேண்டும். பையனுக்கு இருபத்திரண்டு வயது, வேறு விசா வராமலா போய்விடும்? கேஸ் முடியட்டும், நானே மூஸாவிடம் சொல்லி வாங்கித் தருகிறேன். இப்படித்தான் நினைத்தார். முப்பது வருஷமாக எத்தனையோ பெரிய மனிதர்கள் இதே மாதிரிச் சமாதானத்தை அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர்களை எழுத்திலேயே உரித்து உப்புப் போட்டவர்தான் இவரும்.

திரும்பி வந்தார். மூன்று பேரும் நெல்லைத் துழாவுவதை நிறுத்திவிட்டு அவர் முகத்தைப் பார்த்தார்கள்.

"அப்படி ஒரு கம்பெனியே இல்லையாம் ரெங்கசாமி" என்றார்.

சொல்வது இவ்வளவு சுலபமாக இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. நாக்குக் குழறவில்லை.

அமிர்தம் அப்படியே நெல்லின்மேல் உட்கார்ந்துவிட்டாள். "அடப்பாவி, அப்பனத்தான் பாலைவனத்துல விட்டான்னா, மவனையுமா?" என்று மார்பில் அடித்துக்கொண்டு துரைராசுவின் குலத்தையே வாரித் தூற்றினாள். செந்தில்குமார் காதுவரைக்கும் சிவந்துபோய், மறுபடியும் காலால் நெல்லைத் துழாவ ஆரம்பித்தான். ரெங்கசாமி அன்சாரின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"என் புள்ளயக் காப்பாத்திட்டீங்க பாய். நீங்க இல்லன்னா இந்நேரம் பெட்டி கட்டியிருப்போம். திங்கக்கிழமை நான் வர்றேன். எனக்குத் தெரிஞ்சது அம்புட்டையும் சொல்றேன்."

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அன்சார் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். இப்போது சொன்னால்கூடப் பையன் திருச்சிக்குப் போய்விடலாம் என்று காலையில் நினைத்தார். மத்தியானம் சாப்பிட்டதும் நினைத்தார். சாயங்காலம் அஸர் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளுச் செய்யும்போதும் நினைத்தார்.

"என்னா, மொகமே சரியில்ல? சாட்சிதான் வரேன்னுட்டாரே" என்றாள் ஜஸீலா.

"ஒண்ணுமில்ல. அசதி" என்றார். அசதி என்ற சொல்லுக்குள் எதை வேண்டுமானாலும் ஒளித்துவைக்கலாம் போலிருக்கிறது. பொழுது இறங்கிய பிறகு போனைச் சார்ஜில் போட்டுவிட்டுப் படுத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை ரெங்கசாமி சொன்னபடியே ஒன்பது மணிக்குக் கோர்ட்டு வாசலில் நின்றார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. கூண்டில் ஏறி அவர் பேசப் பேச, அன்சாரின் வக்கீல் முகத்தில் எட்டு வருஷத்துக்கு அப்புறம் ஒரு களை வந்தது. டிரைவர் வேலை என்று சொல்லி அனுப்பியதில் தொடங்கி, இரண்டு பேரை மணலில் புதைத்தது வரைக்கும் தடுமாறாமல் சொன்னார். துரைராசு முன்வரிசை பெஞ்சில் உட்கார்ந்து விரலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அன்சார் குற்றவாளி நிற்கிற இடத்தில் நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தார். ஜெயித்தாகிவிட்டது. சந்தோஷம்தான் வந்தபாடில்லை.

"அவ்வளவுதானே?" என்றார் நடுவர் அம்மாள்.

"இன்னும் ஒண்ணு இருக்கும்மா" என்றார் ரெங்கசாமி. "இந்த ஆளு அன்னைக்கு மட்டும் ஏமாத்தலம்மா. இன்னைக்கும் ஏமாத்துறான். போன வாரம் என் மவனுக்கே பொய் விசா குடுத்துருக்கான். அன்சார் பாய் பாத்துச் சொல்லாட்டி எம்புள்ள போயி மாட்டியிருப்பான்."

துரைராசு நிமிர்ந்தான். ரெங்கசாமியைப் பார்க்கவில்லை. அன்சாரைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தேவலை. நிஜமாகவே ஆச்சரியப்பட்டுப் பார்த்தான்.

துரைராசுவின் வக்கீல் எழுந்தார். மெதுவாகத்தான் கேட்டார்.

"பொய் விசான்னு உங்களுக்கு யாருங்க சொன்னது?"

"அன்சார் பாய்."

"நீங்களா விசாரிச்சீங்களா?"

"அவரு பாத்தா நாங்க வேற யாருகிட்டயும் கேக்க மாட்டோங்க. எங்க பக்கம் யாரை வேணா கேளுங்க. அவரு வாயில பொய் வராது."

வக்கீல் ஒரு தாளை நடுவரிடம் நீட்டினார். "அம்மா, அதே கம்பெனி, அதே கடிதத்துல நாலு பேரு. மூணு பேரு நேத்து ராத்திரி பிளேன் ஏறி, இன்னைக்குக் காலையில கம்பெனியில சேர்ந்துட்டாங்க. நாலாவது ஆள் ஏன் வரலைன்னு கேட்டுக் காலையிலயே கம்பெனி அனுப்பின ஃபேக்ஸ் இது. வராதவர் பேரு செந்தில்குமார். அவரோட அப்பாதான் இந்தச் சாட்சி." ரெங்கசாமி பக்கம் திரும்பினார். குரல் உயர்ந்தது. "சத்தியம் பண்ணிட்டு இப்பக் கூசாமப் பொய் சொன்னீங்கள்ல? அந்த மாதிரிதான் ஆடு மேய்ச்ச கதையும்? இல்லைன்னு சொல்லுங்க பாப்போம்!"

"நான் பொய் சொல்லலைங்க!" என்று ரெங்கசாமி பதறிப்போய்க் கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டார். "பாய், சொல்லுங்க பாய். நீங்க விசாரிச்சீங்கள்ல? சொல்லுங்க பாய்."

அன்சாரின் வக்கீல் வேகமாக அவர் பக்கத்தில் வந்து காதோடு சொன்னார்: "சார், தப்பாப் பாத்துட்டேன்னு மட்டும் சொல்லுங்க. தெரியாம வந்த தப்பு. யாருக்கும் வரும். மத்தத நான் பாத்துக்கறேன், கேஸ் நம்ம கையிலதான் இருக்கு."

நல்ல வழிதான். வயசான மனுஷன், கண் சரியில்லை, தப்பாகப் பார்த்துவிட்டார். யார் சந்தேகப்படப் போகிறார்கள்? இரண்டு சொல்தான். சனிக்கிழமை இதைவிட நீளமான பொய்யைச் சொன்னவர்தானே அவர்.

ஆனால் ரெங்கசாமி அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நெல் குவியலுக்குப் பக்கத்தில் பார்த்தாரே, அதே மாதிரி.

"தப்பாப் பாக்கலம்மா" என்றார் அன்சார், நடுவரைப் பார்த்து. "அது நல்ல விசாதான். சனிக்கிழமையே எனக்குத் தெரியும். இவரு இன்னைக்குச் சாட்சி சொல்ல வரணும்னு நான்தான் பொய் சொன்னேன். இவரு ஒரு பொய்யும் சொல்லல. ஆடு மேய்ச்சதும் நெஜம், ரெண்டு பேரு செத்ததும் நெஜம். பொய் இந்த ஒண்ணுதான். அது என்னோடது."

அவருடைய வக்கீல் கேஸ் கட்டைத் தூக்கி மேஜையில் போட்டுவிட்டு உட்கார்ந்தார். நடுவர் அம்மாள் பேனாவை மூடாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். தட்டச்சுக்காரர் அடிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நடுவர் முகத்தைப் பார்த்தார். புத்தகம் போயிற்று, படம் போயிற்று, முப்பது வருஷமும் போயிற்று என்று அன்சாருக்குத் தெரிந்தது. அதுகூடப் பெரிதாக வலிக்கவில்லை. ரெங்கசாமி தன்னை வையட்டும், செருப்பைக் கழற்றட்டும் என்று காத்துக்கொண்டு நின்றார்.

ரெங்கசாமி வையவில்லை. அவரை ஒரு தடவைதான் பார்த்தார். இறங்கச் சொல்லாமலே கூண்டை விட்டு இறங்கினார். டவாலிச் சேவகர் "ஏய், நில்லுய்யா" என்றது அவர் காதில் விழவில்லை. அன்சாரைக் கடந்துபோய், முன்வரிசை பெஞ்சுக்கு எதிரில் நின்று, துரைராசுவைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினார்.

"தம்பி, இன்னைக்குப் பொழுது இன்னும் முடியலையே. எம்புள்ளய அனுப்ப ஏதாவது வழி இருக்கா தம்பி?" என்று கேட்டார்.